மூன்று மடங்கு வேலி

கிளியூர் அங்கன்வாடிக்குப் பக்கத்தில் இருந்த கிணறு வட்டமாக அமைந்துவிட்டது. ஞானசுந்தரி டீச்சருக்கு வந்த வினையெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. சதுரக் கிணறாக இருந்திருந்தால் ஊருக்குள்ளேயே யாராவது நாலு கம்பத்தை நட்டு, முள்கம்பியைச் சுற்றி, டீ குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அந்த மலையில் வட்டமாக எது இருந்தாலும் அது மலைப்பகுதி வட்டவடிவக் கட்டுமான வாரியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கிணறு, தொட்டி, பூங்காவில் பிள்ளைகள் ஏறிச் சுற்றும் ராட்டினம், எதுவும் தப்பாது. ஒரு வாரியத்தை எதற்காகத் தொடங்கினோம் என்பது தொடங்கியவர்களுக்கே மறந்துபோகும்போது அதற்குத் தனிக் கட்டடமும், ஜீப்பும், தலைவரும் வந்து சேர்ந்துவிடுவது வழக்கம். இதற்கு மூன்றும் வந்து சேர்ந்திருந்தன. கட்டடம் மட்டும் சதுரம்.

ஐப்பசி மழையில் கிணற்றின் சுற்றுச்சுவர் இடிந்து உள்ளேயே விழுந்தது. தரைமட்டத்தில் ஒரு வரிசைக் கல்விளிம்பு மட்டும் மிஞ்சியது. அங்கிருந்து அங்கன்வாடி வாசல் பதினெட்டே காலடி தூரம். உள்ளே பதினாறு குழந்தைகள். எஸ்டேட்டில் காப்பி பறிக்கப் போகும் பெண்கள் காலையில் கொண்டுவந்து விட்டுப்போகிற பிள்ளைகள் அவர்கள். சமையலுக்கு சாந்தி என்று ஓர் உதவியாளர். மற்ற எல்லாவற்றுக்கும் ஞானசுந்தரி. இருபத்தாறு வருஷ வேலையில் அவள் கைக்கு வந்த எந்தக் குழந்தைக்கும் முட்டிச் சிராய்ப்புக்கு மேல் எதுவும் நேர்ந்ததில்லை. அவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே கர்வம் அதுதான். அந்தக் கர்வத்தை ஒரே நிமிஷத்தில் முடித்துவைக்கக்கூடியவள் ஆன்மேரி. நாலு வயது. திறந்த கதவைப் பார்த்தால் கால் நிற்காது.

ஞானசுந்தரி மனு எழுதிக்கொண்டு பஸ் பிடித்து வாரியத்துக்குப் போனாள். அங்கே உதவியாளர் கோகுல், மெலிந்த பையன், மரியாதைக்குக் குறைவில்லாதவன், மனுவை இரண்டு முறை படித்தான்.

"கிணறு வட்டம்னு எழுதியிருக்கறீங்க டீச்சர். அதுக்குச் சான்று வெக்கலீங்களே?"

"ஏனுங்க தம்பி, கிணத்தைப் பாத்தா தெரியாதுங்களா?"

"பாத்தா தெரியுமுங்க. ஆனா பாத்தது யாருங்கறதுதான் கேள்வி. நீங்க பாத்தா அது வெறும் பார்வைங்க. இஞ்சினியர் பாத்தாத்தான் வட்டமுங்க."

இஞ்சினியர் பார்க்க இரண்டரை மாதம் ஆனது. அந்த இரண்டரை மாதமும் ஞானசுந்தரி அங்கன்வாடிக் கதவைத் தாழ்போட்டே வைத்திருந்தாள். பிள்ளைகள் வெயில் படாமல் முளைத்த பயிர்மாதிரி வெளுத்துப்போனார்கள். தை மாசத்தில் ஒரு நாள் லோகேஷ் என்கிற உதவிப் பொறியாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். கிணற்றின் குறுக்கே டேப்பை நீட்டச் சொல்லி, விளிம்பையும் சேர்த்துப் பன்னிரண்டு அடி என்று குறித்துக்கொண்டு, டேப்பைச் சுருட்டிவிட்டார்.

"சுத்தியும் ஒருக்கா அளந்துருங்க சார்," என்றாள் ஞானசுந்தரி.

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "சுத்தி அளந்துட்டா அப்புறம் பை எதுக்குங்கம்மா இருக்குது? குறுக்கால அளந்தா போதும், சுத்தளவு தானா வந்துரும். அதாங்க கணிதம்."

மாசி பிறந்ததும் லாரியில் கம்பங்களும் கம்பிவலையும் வந்தன. வந்தவர்கள் விளிம்பை ஒட்டிக் கம்பங்களை நட்டார்கள். ஒரு கம்பத்தில் தொடங்கி வலையை இழுத்துக் கட்டிக்கொண்டே கிணற்றைச் சுற்றி வந்தார்கள். தொடங்கிய கம்பத்துக்கு வந்து சேரும் முன்பே வலை தீர்ந்துபோனது. இன்னும் இருபது அங்குலச் சந்து பாக்கி. மேஸ்திரி அந்தச் சந்தைப் பார்த்தார், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், மறுபடியும் சந்தைப் பார்த்தார்.

"முப்பத்தாறடிதான் எழுதியிருக்குதுங்க. முப்பத்தாறடியும் கட்டிப்போட்டனுங்க," என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை ஞானசுந்தரி கதவைத் திறந்துவிட்டாள். ஆன்மேரி ஒரே ஓட்டமாகப் போய், உடம்பைத் திருப்பக்கூட அவசியமில்லாமல், அந்தச் சந்துக்குள் நுழையப் போனாள். பின்னலைப் பிடித்து இழுத்ததில் குழந்தை அழுதது. ஞானசுந்தரியும் கொஞ்சம் அழுதாள். முன்பு கிணற்றின் எந்தப் பக்கம் போனாலும் ஆபத்து. இப்போது வாரியம் ஆபத்துக்கு ஒரு வாசல் வைத்துக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அவளும் சாந்தியும் உண்ணிமுள்ளை வெட்டி வந்து சந்தை அடைத்தார்கள்.

அடுத்த பஸ்ஸில் அவள் வாரியத்துக்குப் போனாள். கோகுல் ஒரு தடித்த கையேட்டை எடுத்து விரித்து வைத்தான். முதல் அத்தியாயத்தின் தலைப்பு, 'பை: தோற்றமும் பொருளும்'. ஒரே ஒரு பத்திதான். வட்டத்தின் குறுக்களவுக்கும் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் பை எனப்படும். அது வாரியத்தின் நான்காவது கூட்டத்தில் மூன்று என ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது.

"ஏனுங்க தம்பி, நான் படிச்சப்ப மூணு புள்ளி ஒண்ணு நாலுன்னு சொல்லிக்குடுத்தாங்களே?"

"அது சேலத்துலங்க டீச்சர்," என்றான் கோகுல், குரலைத் தாழ்த்தி. "கீழ இருந்து கிளம்பறப்ப மூணு புள்ளி ஒண்ணு நாலுதானுங்க. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரோணுமில்லீங்களா? சேதாரம்னு ஒண்ணு இருக்குமுங்க. மேல வந்து சேர்றப்ப மூணுதான் நிக்குது."

அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஞானசுந்தரிக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை.

"அப்ப அந்தப் புள்ளிக்கு அப்பறம் இருக்கறது எங்கீங்க போச்சு?"

"அதுக்குத் தனி மனு குடுக்கோணுமுங்க. மீதி அளவு கோரும் மனு."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவள், தட்டை எடுத்து ஒரு நூலைக் குறுக்கே வைத்து அறுத்தாள். அந்த நூலால் தட்டின் விளிம்பைச் சுற்றினாள். மூன்று தடவை போய், இரண்டு விரற்கடை மிச்சம் நின்றது. கை வளையலைக் கழற்றி அளந்தாள். மூன்று தடவை போய், ஒரு நெல்லளவு மிச்சம். குக்கர் மூடி, தோசைக்கல், தண்ணீர்க் குடத்தின் வாய் என்று வீட்டில் உருண்டையாக இருந்த எதையும் அவள் விடவில்லை. எல்லாம் மூன்று தடவை போய், கொஞ்சம் மிச்சம் வைத்தன. வட்டம் பெரிசானால் அந்தக் கொஞ்சமும் கூடவே பெரிசானது. ஒருமனதாக நிறைவேற்றப்பட்ட எந்தத் தீர்மானத்தையும் தோசைக்கல் மதிக்கவில்லை. வளையலுக்கு ஒரு நெல், தட்டுக்கு இரண்டு விரல், கிணற்றுக்கு ஒரு குழந்தை. இதுதான் பை என்றால் இதைப் புரிந்துகொள்ள ஒரு நூல்கண்டு போதும், வாரியம் எதற்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருபது அங்குலம் கம்பிவலை வேண்டி, தட்டும் வளையலும் அளந்த கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மீதி அளவு கோரும் மனுவோடு சேர்த்துக் கொடுத்தாள். வாரியம் இந்தத் தடவை மின்னலாக வந்தது. நாலாம் நாளே லோகேஷ் வந்து, டேப்பை வைத்துக் கிணற்றை முதல்முறையாகச் சுற்றி அளந்தார். முப்பத்தேழு அடி எட்டு அங்குலம். அவர் முகம் கறுத்துவிட்டது.

"இது முப்பத்தாறு அடி இருக்கவேண்டிய கிணறுங்கம்மா. இருபது அங்குலம் அதிகமா இருக்குது. யார் பெரிசு பண்ணினது?"

"எங்க மாமனார் காலத்துல இருந்து இப்படித்தானுங்க சார் இருக்குது."

"அப்ப அத்தனை வருஷமா விதிமீறல்ங்கறீங்க."

கிணற்றுத் தண்ணீரைக் குழாய்க்கு ஏற்றும் மோட்டார் அறைச் சுவரில் கிணற்றின் பெயருக்கே ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. வாரியம் அங்கீகரித்த சுற்றளவை விட இருபது அங்குலம் மிகுந்திருப்பது ஏன் என்று பதினைந்து நாட்களுக்குள் கிணறு விளக்கம் தரவேண்டும். தவறினால் அதைச் சுருக்குவதற்கான நடவடிக்கை எடுக்கப்படும். போகிறபோது லோகேஷ் சந்தில் இருந்த உண்ணிமுள்ளைப் பிடுங்கிப் போடச் சொன்னார். வாரியத்தின் வேலியோடு வாரியத்தைச் சேராத பொருளைச் சேர்ப்பது குற்றம். முள்ளைப் பிடுங்கிய டிரைவர் கையில் ரத்தம் வந்தது. சாந்தி உள்ளே போய் மஞ்சள்தூள் கொண்டுவந்து அப்பிவிட்டாள். அந்த மனுசனுக்கும் குழந்தை இருக்கும்.

அதற்குமேல் ஞானசுந்தரி எங்கும் போகவில்லை. அங்கன்வாடியில் கிடந்த பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு போய் அந்தச் சந்தில் போட்டாள். கன கச்சிதமாகப் பொருந்தியது. கிணற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, எதிரே பாயை விரித்து, அங்கிருந்தபடியே பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தாள். மூன்று வாரம் இப்படியே போனது. முதுகில் குளிர் ஏறியது. இடுப்பு விட்டுப்போனது. பாத்ரூம் போகவேண்டுமென்றால் சாந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அந்த சேரில் உட்காருவாள். லோகேஷ் ஒருநாள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அந்தப் படத்துக்குக் கீழே 'வேலி முழுமையாக அமைக்கப்பட்டது' என்று எழுதிக் கோப்பில் ஒட்டிவிட்டார்கள். படத்தில் எங்கும் இடைவெளி இல்லைதான். இருந்த இடத்தில்தான் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாளே.

மார்ச் மாதம் இரண்டாவது வாரம் கோகுல் பைக்கில் வந்தான். பை தினத்தை வாரியம் கிளியூரிலேயே கொண்டாடப்போகிறது. முழுமையடைந்த வேலியைத் தலைவர் திறந்துவைக்கிறார்.

"என்னைக்குங்க?"

"பதினாலாம் தேதிங்க. மூணாம் மாசம் பதினாலு. உலகம் பூராவும் அன்னைக்குத்தானுங்க கொண்டாடறாங்க."

ஞானசுந்தரி சேரில் இருந்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க வாரியத்துக்குத்தான் பை வெறும் மூணாச்சே சாமி. பதினாலு எங்கிருந்து வந்துச்சு?"

கோகுல் நெளிந்தான். "விழாவுக்கு முழுசாவே உண்டுங்க டீச்சர். வேலிக்குத்தான் மூணு."

பதினாலாம் தேதி காலையில் பனிமூட்டம் விலகுவதற்குள் பந்தல் வந்தது. மைக் வந்தது. வாரியத்தின் ஆட்கள் இரண்டு வேனில் வந்து முன்வரிசை நாற்காலிகளை நிரப்பினார்கள். அந்த நாற்காலிகளை யாரும் எண்ணி மூன்றோடு நிறுத்தவில்லை. காப்பி பறிக்கும் பெண்கள் பின்னால் நின்றார்கள். லோகேஷ் வந்து ஞானசுந்தரியின் சேரை எடுக்கச் சொன்னார். ரிப்பன் கட்ட இரண்டு கம்பம் வேண்டும், நடுவில் வலை இருக்கக்கூடாது. அப்படி ஒரே ஒரு இடம்தான் அந்த வேலியில் இருந்தது. சந்துக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பனைக் கட்டினார்கள். ஞானசுந்தரி ஆன்மேரியைக் கையில் பிடித்துக்கொண்டு ரிப்பனுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

வாரியத் தலைவர் கோவிந்தராஜ் சேர்வராயன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நெற்றி நிறையத் திருநீறோடு வந்து இறங்கினார். கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். ரிப்பனை வெட்டினார். கைதட்டினார்கள். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! பை எங்கே பிறந்தது என்று உலகமே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. ஒருவர் கிரேக்கம் என்கிறார். ஒருவர் எகிப்து என்கிறார். நான் கேட்கிறேன், நம் வாரியம் தொடங்கியபோது உறுப்பினர்கள் எத்தனை பேர்? இருபத்திரண்டு! முதல் வருஷம் நாங்கள் போட்ட கூட்டம் எத்தனை? ஏழு! இருபத்திரண்டின் கீழ் ஏழு! இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?"

முன்வரிசை கைதட்டியது.

"பையின் பொருள் என்ன? அது முடிவதே இல்லை. நம் கோப்புகளும் முடிவதில்லை. அடுத்து எந்த இலக்கம் வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. நம் உத்தரவுகளையும் எவராலும் சொல்ல முடியாது. எவ்வளவு தூரம் தேடிக்கொண்டு போனாலும் அதில் ஓர் ஒழுங்கு தென்படவில்லை என்று அறிஞர்கள் வியக்கிறார்கள். நம் வாரியத்தைப் பார்த்தவர்களும் அதைத்தான் சொல்லி வியக்கிறார்கள். ஆகவே பை வேறு, வாரியம் வேறு அல்ல! சிலர் புள்ளிக்குப் பின்னால் வருவதைப் பற்றி மனு கொடுக்கிறார்கள். ஒரு பெரிய நிர்வாகம் புள்ளிக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதை நான் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

"டீச்சர், போட்டோவுல நீங்க விழறீங்க, கொஞ்சம் தள்ளிக்கோங்க," என்று போட்டோக்காரர் ஞானசுந்தரியின் தோளைத் தொட்டு நகர்த்தினார். அவள் திரும்பி அவரைப் பார்த்த அந்த நொடியில் கை நழுவியது. வெட்டிய ரிப்பன் துண்டு காற்றில் பறந்து கிணற்று விளிம்பில் போய் விழுந்திருந்தது. ஆன்மேரி அதை நோக்கிப் போனாள். சந்தைத் தாண்டி ஒரு கால் கல்லில், ஒரு கால் ஒன்றும் இல்லாத இடத்தில். ஞானசுந்தரி எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கவுன் பின்பக்கத்துப் பட்டி கையில் சிக்கியது. அது கிழிவதற்குள் இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். கீழே தண்ணீரில் ஒரு கல் விழுந்த சத்தம் நிதானமாக மேலே வந்தது.

பின்னால் நின்ற பெண்கள் அலறினார்கள். தலைவர் மைக்கில் சிரித்தார். "பாருங்கள்! குழந்தைகளுக்கும் நம் கட்டுமானத்தின்மேல் எவ்வளவு ஆர்வம்!" முன்வரிசை அதற்கும் கைதட்டியது.

ஞானசுந்தரி எழுந்து குழந்தையைச் சாந்தியின் கையில் கொடுத்தாள். அந்தக் கைதட்டல் அவள் உடம்பின்மேல் எச்சில்மாதிரி ஒட்டியது. காறித் துப்பிவிடலாம் என்றுதான் மேடையை நோக்கி நடந்தாள். அப்போது மேடைக்குப் பக்கத்தில், சாக்கு சுற்றிச் சாய்த்து வைத்திருந்த கல்வெட்டு கண்ணில் பட்டது. கறுப்புப் பளிங்குக் கல். அகலம் இரண்டு அடி, உயரம் மூன்று அடி. மேலே தலைவரின் பெயர், கீழே 'பை = 3'. அதை அங்கன்வாடிச் சுவரில் பதிக்க இரண்டு கொத்தனார்கள் சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தார்கள். கம்பிவலையை அளந்து அளந்து கொடுத்தவர்கள் இந்தக் கல்லை மட்டும் எவ்வளவு தாராளமாக வெட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தாள். வாயில் சேர்ந்த எச்சிலை விழுங்கிக்கொண்டாள். கைகூப்பினாள்.

"ஏனுங்கய்யா, உங்க பேரைச் சுவத்துல வெச்சா யாருங்க பாப்பாங்க? எங்க ஓட்டைச் சுவத்துல மழை பேஞ்சா சாரலடிக்குமுங்க. வேலியிலயே வெச்சீங்கன்னா, மோட்டார் கொழாயில தண்ணி புடிக்க வர்ற சனம் பூராவும் தினம் உங்க பேரைப் பாத்துப்போட்டுத்தான் குடத்தை எறக்குமுங்க. அங்க ஒரு எடம் உங்களுக்குன்னே விட்டு வெச்ச மாதிரி இருக்குதுங்கய்யா."

தலைவர் சந்தைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்ததைப் பார்க்க ஞானசுந்தரிக்குச் சகிக்கவில்லை.

"படிக்காத பெண்மணிக்கு இருக்கும் அறிவு நம் இஞ்சினியருக்கு இல்லையே," என்றார். ஞானசுந்தரி பிளஸ் டூ. அவள் திருத்தவில்லை.

ஐந்து மாதம் நடக்காதது ஒரு மணி நேரத்தில் நடந்தது. இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் பீடம் கட்டி, கல்லை நிறுத்தி, இருபுறமும் இரண்டு அங்குலம் கம்பத்தின்மேல் ஏறும்படி சிமெண்டு போட்டு இறுக்கினார்கள். சாந்தி போய்த் தோளால் முட்டிப் பார்த்தாள். அசையவில்லை. பிள்ளைகளை வெளியே விட்டார்கள். அவர்கள் அன்று வேலியைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள்.

பத்து நாளில் வாரியத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. கிளியூரில் முப்பத்தாறு அடி வலையாலேயே வேலி முழுமை பெற்றிருப்பதால் பை மூன்றுதான் என்பது களத்தில் நிரூபிக்கப்பட்டுவிட்டது; இனி மலை முழுவதும் எல்லா வட்டக் கிணறுகளுக்கும் குறுக்களவின் மூன்று மடங்கு வலையே வழங்கப்படும். கிணற்றின்மேல் இருந்த நோட்டீஸை மட்டும் கருணையோடு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஞானசுந்தரி அதைப் படித்துவிட்டு, தரை துடைத்த ஈரத்துணியைக் கொண்டுபோய்க் கல்வெட்டின்மேல் காயப் போட்டாள். தினமும் அங்கேதான் காயப் போடுகிறாள்.

வைகாசியில் கரடியூரிலிருந்து ஸ்தனிஸ்லாஸ் என்று ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். அங்கே பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கிணற்றுக்கு வேலி கட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. கையில் வெள்ளைத்தாள் வைத்திருந்தார். வேலியில் ஒரு சந்து விட்டுப்போயிருக்கிறது, பிள்ளைகள் சுலபமாகப் போய்வருகிற அளவு, டீச்சர்தான் மனு எழுதிக் கொடுக்கவேண்டும் என்றார்.

"கிணறு குறுக்கால எத்தனை அடிங்க?"

"பதினஞ்சுங்க."

"அப்ப சந்து ரெண்டடிக்கு மேல ஒன்றரை அங்குலம் இருக்குமுங்களே."

ஸ்தனிஸ்லாஸ் வாயைப் பிளந்தார். "எப்புடீங்க டீச்சர், பாக்காமயே சொல்றீங்க? நான் டேப்பு வெச்சு அளந்தனுங்க, அதேதான். அந்த ரெண்டடி வலையைக் கேட்டு நொம்பப் பணிவா எழுதிக் குடுங்க, புண்ணியமாப் போகும்."

"வலை கேட்டா உங்க கிணத்துக்கு நோட்டீஸ் வருமுங்க," என்றாள் ஞானசுந்தரி. தாளை வாங்கி மேஜைமேல் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். தலைவர் அவர்களின் திருப்பெயர் தாங்கிய கல்வெட்டு ஒன்று கரடியூர் மக்களுக்கும் வேண்டும் என்று எழுதினாள். அதை வேலியிலேயே நிறுவவேண்டும் என்று எழுதினாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'தூரத்திலிருந்தும் படிக்க வசதியாக, பெயரைப் பெரிய எழுத்தில், இரண்டரை அடிக்குக் குறையாத கல்லில் பொறித்துத் தரவும்.'